கோபக்காரியின் ஆறு இலைகள்

பள்ளி விடுதி
ஜூன் 9

அக்காவுக்கு,

விடுதித் தொலைபேசியில் எனக்கு வாரத்துக்குப் பத்து நிமிடம்தான். இந்த வாரம் அதில் ஒன்பது நிமிடம், நீ வருவாய் என்று அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில், "அவ வரமாட்டாளாம்டி, குடிலைக் கழுவுறாளாம்" என்றாள். ஒரு செடிகூட இல்லாத கண்ணாடிக் குடிலை எதற்குக் கழுவ வேண்டும்? அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் போன்போலப் பட்டென்று வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் எப்படியும் இரண்டு வரியாவது படித்துவிடுவாய்.

நான் வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்கிறாயாம். நான் காட்டியது ஓர் இலையை. அதையும் முதலில் உன்னிடம்தான் காட்டினேன்.

மே 27, காலை. நான்காம் மேடை, சுவர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது தொட்டி. சாமந்தி இலையின் மேல்பக்கத்தில் மிளகளவில் வெளிர்மஞ்சள் குழிகள் இருந்தன. இலையைத் திருப்பினால், அதே இடங்களில் அடிப்பக்கம் மெழுகு சொட்டியதுபோல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மொட்டுமொட்டாகத் தடித்திருந்தது. பறித்துக்கொண்டு ஓடி வந்தேன். நீ தொட்டிக்கு மண் கலந்துகொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தண்ணிப் பொட்டு. போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றாய்.

நான் படிக்கிற வேலையைத்தான் பார்த்தேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அதே படம் இருந்தது. வெண்துரு. சாமந்தியைப் பிடிக்கிற ஒரு துருப்பூஞ்சை. உயிருள்ள இலைக்குள்தான் வாழும் என்பதால் இலையை உடனே கொல்லாது. உள்ளேயே இருந்து தின்றுகொண்டிருக்கும். சில நேரம் எட்டு வாரம்வரை வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஈரக் காற்றில் அதன் வித்துகள் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். கண்டால் பயிர் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேண்டும் என்றால் வேண்டும்தானே? இலையை உறையில் வைத்து ஒட்டி, ஒரு கடிதமும் எழுதி, மே 29 அன்று தபாலில் போட்டேன். 31 அன்று பள்ளிக்கு வந்துவிட்டேன்.

எல்லாச் செடிகளையும் எடுத்துப்போவார்கள் என்று எனக்குத் தெரியாது. நோய் வந்த தொட்டிகளை மட்டும் எடுப்பார்கள் என்று நினைத்தேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. இது தகவல்.

தங்கை


வீடு
ஜூன் 14

பூதக்கண்ணாடிக்கு,

தகவல் கிடைத்தது. பதிலுக்கு என் தகவலையும் வாங்கிக்கொள்.

ஜூன் 4, காலை எட்டரை மணி. வெள்ளை உடுப்பில் மூன்று பேர், கூட ஓர் ஆய்வாளர். ஆய்வாளர் வாசலிலேயே நின்று செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டார். யாரோ செடி வாங்க வந்திருக்கிறார்கள் என்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க வாங்க, எந்த ரகம் பாக்கணும்?" என்றார். அவர்கள் உன் கடிதத்தைக் காட்டினார்கள். அப்பா அதை முழுக்கப் படித்தார். "பாருங்க, எம்பொண்ணு கையெழுத்து எவ்வளவு நல்லா இருக்கு" என்றார். முதலில் சொன்னது அதைத்தான்.

நோய் இருந்தது நான்கு தொட்டியில். போனது நாலாயிரத்து முந்நூறு தொட்டி. ஒரே கூரை, ஒரே காற்று, அதனால் எல்லாம் என்றார்கள். கறுப்புப் பைகளில் கட்டி, வேலியோரம் வெட்டிய குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். பச்சைச் செடி லேசில் எரியாது. அது உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பிற்பகல்வரை புகைந்துகொண்டே இருந்தது.

ஏழாம் மேடையில் கோபக்காரி பதினொரு தொட்டி. சிவப்பாகச் சீறிக்கொண்டு விரிந்து, நாலைந்து நாளில் ஆறி மஞ்சளாகிற சாமந்தி இந்த உலகத்தில் வேறு யாரிடம் இருந்தது, சொல். அதற்குப் பெயர் வைத்ததே நீதான். அதன் ஒரு இலையிலும் புள்ளி இல்லை. "சார், ஒண்ணே ஒண்ணு குடுங்க, என் ரூம்ல பூட்டி வெச்சிக்கறேன்" என்று கேட்டேன். நான் ஒருவரிடம் கெஞ்சியதை நீ பார்த்ததில்லை. பார்த்திருந்தால் குறித்து வைத்திருப்பாய். அவர், "ஒரு எலைகூட முடியாதும்மா" என்றார். நல்ல மனிதர். வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். உன் இனம்.

அப்பா அவரிடம், "வாசல்ல நிக்கற சூரியகாந்தியும் இதே குடும்பம்தானே, அதையும் பிடிக்குமா?" என்று கேட்டார். "குடும்பம் ஒண்ணுதாங்க. ஆனா இது சொந்தக்காரங்க எல்லாரையும் தொடாது. சாமந்தியத்தான் தேடிப் பிடிக்கும்" என்றார். அதனால் நீ விதைத்த சூரியகாந்தி மட்டும் இப்போது வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

நாற்றுக் குச்சி விற்கும் அனுமதி ஓராண்டுக்கு நிறுத்தம். அப்பா மத்தியானத்தில் தூங்குகிறார். அவர் மத்தியானத்தில் தூங்கி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

இனி எழுதாதே. இந்த வீட்டில் இப்போது எதுவும் வைத்த இடத்தில் இல்லை. என் டூத்பிரஷ் டப்பாவைக்கூடக் காணோம். உன் கடிதத்தைத் தேடிப் படிக்க எனக்கு நேரம் இல்லை.


பள்ளி விடுதி
ஜூன் 19

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது.

கோபக்காரி ஒன்று இருக்கிறது.

மே 18 அன்று, அதாவது இலையில் புள்ளியைக் கண்டுபிடிப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, நான் ஒரு குச்சி எடுத்தேன். தாவரவியல் செய்முறைக்கு வேண்டியிருந்தது. கேட்டால் தரமாட்டாய் என்று தெரியும். போன வருடம் கேட்டதற்கு, "கண்ணால பாரு, கையால பாக்காத" என்றாய். அதனால் உன் கண்ணில் படாத இடத்திலிருந்து எடுத்தேன். ஈரப் பஞ்சில் சுற்றி உன் டூத்பிரஷ் டப்பாவில் வைத்து, புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டேன். வேர் பிடித்துவிட்டது.

இப்போது அறிவியல் கூடத்தின் கிழக்கு ஜன்னலில் ஒரு தொட்டியில் இருக்கிறது. ஜூன் 1 முதல் மேலே கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் தட்டில்தான் ஊற்றுகிறேன், இலையில் படவிடுவதில்லை. தினமும் காலை மணி அடிப்பதற்கு முன் லென்ஸ் வைத்து ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இன்றோடு பத்தொன்பது நாள். புள்ளி இல்லை. எட்டு வாரம் முடிகிற ஜூலை 26 வரைக்கும் சுத்தமாக இருந்தால் உனக்குத் தருகிறேன்.

நீ மகிழ்ச்சி அடைவாய் என்று எதிர்பார்க்கவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தங்கை


வீடு
ஜூன் 24

ஏய்,

உன் கடிதத்தைக் குடிலில் நின்றுகொண்டு படித்தேன். உட்கார அங்கே எதுவும் இல்லை.

ஆக, சட்டம் எனக்கு, டூத்பிரஷ் டப்பா உனக்கு. ஒரு இலைகூட முடியாது என்று அவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது, நீ அதே செடியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து, பஸ்ஸில் ஏற்றி, ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். மே 29 அன்று அந்த உத்தமமான கடிதத்தை எழுதினாயே, அப்போது டப்பா எங்கே இருந்தது? மேசையில் இருந்து ஒரு கை எட்டினால் அலமாரி. 'கண்டால் தெரிவிக்க வேண்டும்' என்று எழுதிய கை அதைத் தெரிவிக்கவில்லையே, ஏன்? கொட்டை எழுத்தில் போட மறந்துவிட்டார்களா?

நாளைக்கே அனுப்பு. பார்சலில் வேண்டாம், கசங்கிவிடும். வார்டன் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வருவார் என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அவரிடம் கொடுத்தனுப்பு. எட்டு வாரம் எண்ண எனக்கும் தெரியும். இலையைத் திருப்பிப் பார்க்க எனக்கும் கை இருக்கிறது. அனுப்பாவிட்டால் நானும் ஒரு கடிதம் எழுதுவேன். விலாசம் என்னிடமும் இருக்கிறது. என் கையெழுத்து உன்னுடையது அளவுக்கு அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

எத்தனை இலை?


பள்ளி விடுதி
ஜூன் 29

அக்காவுக்கு,

ஆறு. ஏழாவது சுருண்டு வருகிறது.

அனுப்பமாட்டேன். இப்போது அனுப்பினால் வழியில் இருக்கிற எல்லாத் தோட்டத்துக்கும் அதைக் காட்டிக்கொண்டு போவதுபோல. நீ எழுதுவதானால் எழுது.

டப்பாவைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் தேடினேன். மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் படிக்கும்போதே பொய் என்று எனக்கே தெரிந்தது.

ஆனால் நீ என்னை மட்டும் கேட்கிறாய். நான் உன்னைக் கேட்கிறேன். நோய் எப்படி உள்ளே வந்தது? அப்பா ஆய்வறிக்கையின் நகலை எனக்கு அனுப்பினார். 'மூன்று மாதமாக வெளியிலிருந்து சாமந்தி எதுவும் உள்ளே வரவில்லை என்று மூத்த மகள் தெரிவித்தார்' என்று இருக்கிறது. துருப்பூஞ்சை தானாக முளைக்காது. வெறும் மண்ணிலிருந்து வராது. உயிருள்ள சாமந்தியிலிருந்துதான் வரும். அப்படியென்றால் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

என் நோட்டிலிருந்து ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் குடிலுக்குள் வந்தவர்களைப் பட்டியல் போட்டேன். உரம் கொண்டுவரும் வேன்காரர், இரண்டு முறை. கண்ணாடி மாற்ற வந்தவர். பக்கத்து நர்சரி மாமி, தொட்டி இரவல் கேட்டு. பூக்கண்காட்சிக்குப் போய்விட்டு அதே செருப்போடு உள்ளே வந்தவள், மே 3, நீ. கண்காட்சியில் நூற்றுக்கணக்கான சாமந்தியைத் தொட்டிருப்பாய். கையைக் கழுவினாயா? நீ எதையும் கழுவாமல் வந்து, என்னை மட்டும் குற்றவாளி ஆக்குகிறாய் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, நம்புகிறேன்.

தங்கை


வீடு
ஜூலை 6

துப்பறிவாளருக்கு,

பட்டியலில் ஒரு ஆளை விட்டுவிட்டாய்.

ஏப்ரல் 27, உன் பள்ளியில் ஆண்டு நிறைவு நாள். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. கோப்பையும் ஒரு பூங்கொத்தும். பூங்கொத்தில் மூன்று வெள்ளைச் சாமந்தி, இலையோடு. மறுநாள் நீ வீட்டுக்கு வந்ததும் அதைத் தண்ணீர்ச் செம்பில் வைத்திருந்தால் இந்தக் கடிதங்களே தேவைப்பட்டிருக்காது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நீ படித்தவள் ஆயிற்றே. "கடைப் பூவும் வேர் விடுமான்னு பாக்கறேன்க்கா" என்று மூன்று காம்பையும் கொண்டுபோய் நான்காம் மேடைக் கோடியில் மணல் தட்டில் ஊன்றினாய். தினமும் சாயங்காலம் ஸ்பிரே வைத்து இலை சொட்டச் சொட்ட நனைத்தாய். துருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பாய் போட்டு விருந்துக்குக் கூப்பிட்டதுபோல.

மே 20 அன்று அந்தக் காம்புகள் வெளுத்துக்கொண்டு வருகின்றனவே என்று இலையைத் திருப்பினேன். இருந்தது. எனக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வேண்டியதில்லை. பார்த்ததும் தெரியும். பிடுங்கி அடுப்பில் போட்டேன், உன்னிடம் அழுகிவிட்டன என்று சொன்னேன். மேடை முழுக்க மருந்தடித்தேன். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து நீ இலையை ஆட்டிக்கொண்டு வந்தாய். தண்ணிப் பொட்டு என்றேன்.

ஆய்வாளர், "புதுசா ஏதாவது உள்ள வந்துச்சா?" என்று கேட்டபோது அப்பா பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன். உன்னைக் காப்பாற்றினேன் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே. நீ அந்தப் பூங்கொத்தோடு நிற்கிற படத்தை அப்பா கூடத்தில் மாட்டியிருக்கிறார். சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். இப்போது அவர் நிமிர்ந்து பார்க்கிறது அது ஒன்றைத்தான். அதனால்தான் சொன்னேன்.

அந்தப் படத்தில் இடது பக்கத்து இலை ஒன்று திரும்பி இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். உன்னிடம் ஒரு நகல் இருக்குமே. லென்ஸ் எதற்கு இருக்கிறது?


பள்ளி விடுதி
ஜூலை 12

அக்காவுக்கு,

பார்த்தேன். மூன்று புள்ளிகள். ஒன்று தெளிவாக, இரண்டு மங்கலாக. படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

ஏப்ரல் 28, என் நோட்டில், என் கையெழுத்தில்: 'மூன்று காம்புகள் ஊன்றினேன்.' அதற்கு அடிக்கோடும் போட்டிருக்கிறேன். பட்டியல் போடும்போது மே மாதத்திலிருந்து பின்னோக்கி வந்தேன். அந்தப் பக்கத்துக்கும் வந்தேன். மனிதர்களைத் தேடியதால் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆனாலும் உன்னை நான் விடப்போவதில்லை. மே 20 அன்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனது ஒரு மேடையாக மட்டும் இருந்திருக்கும். கோபக்காரி ஏழாம் மேடையில் இருந்தது, நடுவில் இரண்டு மேடை இருந்தன. நீ மறைத்த ஒரு வாரத்தில்தான் அது பரவியது. நான் தெரியாமல் கொண்டுவந்தேன். நீ தெரிந்து வளர்த்தாய். எது பெரிது என்று நீயே சொல்.

இன்னொன்று. அன்றைக்குப் பள்ளி விழா மேடையில் பதினாறு பேருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். பதினாறும் ஒரே பூக்கடையிலிருந்து வந்தவை. பதினாறு வீட்டுக்குப் போயிருக்கின்றன. யாருடைய வீட்டில் தோட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆய்வாளருக்கும் தெரியாது, ஏனென்றால் நீ இல்லை என்று சொல்லிவிட்டாய்.

அவருக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். அதில் பூங்கொத்து இருக்கிறது, நீ சொன்ன பொய் இருக்கிறது, நான் ஒளித்த குச்சியும் இருக்கிறது. மூன்றில் ஒன்றை விட்டால் அது உண்மை இல்லை, கட்டுரை. நாளை மறுநாள் தபாலில் போடுகிறேன். உனக்கு முன்பே தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

இன்று நாற்பத்திரண்டாம் நாள். எட்டு இலை. புள்ளி இல்லை.

தங்கை


வீடு
ஜூலை 16

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. 14 அன்றே நீ தபாலில் போட்டிருப்பாய். போட்டிருக்கமாட்டாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பூங்கொத்தை எழுது. என் பொய்யையும் எழுது, கூட நாலு வார்த்தை சேர்த்தே எழுது. குச்சியை எழுதாதே.

இன்னும் பத்து நாள். பிறந்ததிலிருந்து வாயை மூடத் தெரியாதவள் நீ என்பது எனக்குத் தெரியும். பத்து நாள் மட்டும் மூடு. அதற்குப் பிறகு அது சுத்தம் என்று உன் புத்தகமே சொல்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லை.

நான் காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதவில்லையே, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை. நம் பழைய மஞ்சள் சாமந்தியில் ஒரே ஒரு கிளை சிவப்பாகப் பூத்திருந்ததல்லவா? அன்று காலை அந்தக் கிளை பூவின் பாரம் தாங்காமல் முறிந்து நாரில் தொங்கியது. சாயங்காலம்வரை தாங்காது. நுனிகளை வெட்டி நட்டு, நிழல் கட்டிவிட்டு ஓடினேன். தேர்வுக்கூடத்தில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வாட்ச்மேன், "கையெல்லாம் மண்ணா இருக்கே பாப்பா, எங்கேருந்து வர?" என்றார்.

வெட்டியதில் பிழைத்தது இரண்டு. இரண்டிலிருந்து பதினொன்று. மூன்று வருடம். உனக்குக் கோப்பைகள் இருக்கின்றன, அலமாரி நிறைய. எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. எரிந்துபோனபோதுகூட, சரி, முடிந்தது என்று படுத்தேன். இருக்கிறது என்று நீதான் எழுதினாய். யார் எழுதச் சொன்னது?

எழுதாதே என்று கேட்கிறேன். இரண்டாவது முறையாகக் கெஞ்சுகிறேன். குறித்துக்கொள்.


பள்ளி விடுதி
ஜூலை 21

அக்காவுக்கு,

உன் கடிதம் 19 அன்று வந்தது. நான் 14 அன்றே போட்டுவிட்டேன். முன்பே வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உண்மை.

நேற்று ஆய்வாளர் பள்ளிக்கு வந்தார். அறிவியல் ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன். "எங்கிட்ட ப்ராஜெக்டுன்னுதானடி சொன்ன?" என்றார், அவ்வளவுதான். ஆய்வாளர் ஜன்னலிலேயே பையிலிருந்து தன் லென்ஸை எடுத்தார். அது என்னுடையதைவிடச் சிறியது, ஆனால் நல்லது.

"அந்தக் கையெழுத்து நீதானா?" என்றார்.

"ஆமா சார்."

"எங்க வெட்டின இத?"

"அடியிலங்க சார். வேரோட ஒட்டி மண்ணுக்குள்ளேருந்து ஒரு மொளை வந்திருந்துச்சு. நுனியில வெட்டினா அக்கா கண்டுபிடிச்சிடும்."

"திருட்டுலகூட ஒரு ஒழுங்கு வெச்சிருக்க" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. எட்டு இலையையும் திருப்பிப் பார்த்தார். என் நோட்டின் ஐம்பது பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார்.

"புள்ளி இல்ல. நீ எழுதினத நான் நம்பறேன். ஆனா சட்டம் நம்பாதும்மா. எங்க ஆபீஸ் கண்ணாடி ரூம்ல புதுசா எட்டு வாரம் இருக்கட்டும். செப்டம்பர் 14 வரைக்கும் சுத்தமா இருந்துச்சுன்னா உங்க அக்கா வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலாம்."

ஜாடியோடு பையில் போட்டு முத்திரை வைத்தார். அந்தப் பூக்கடையின் பின்பக்கத்தில் மூன்று வாளிகளில் அதே புள்ளி இருந்ததாம். பூங்கொத்துகள் போன வீடுகளில் இரண்டில் தோட்டம் இருக்கிறதாம். இந்த வாரம் போய்ப் பார்க்கிறார்கள்.

உன்னைப் பற்றியும் சொன்னார். "உங்க அக்கா பொய் சொல்றாங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மணல் தட்டுல மூணு குழி மட்டும் காலியா இருந்துச்சு. எழுத ஆதாரம் இல்ல. இப்ப நீ குடுத்துட்ட." அனுமதி நிறுத்தம் இன்னும் ஆறு மாதம் நீளும் என்றார். இதை அப்பாவிடம் நானே போனில் சொன்னேன். பூங்கொத்தையும் சொன்னேன். என் பத்து நிமிடமும் அதிலேயே போய்விட்டது.

இனி நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் கோபக்காரி பிழைத்திருக்கிறாள். அதை மட்டும் யாரும் மாற்ற முடியாது.

தங்கை


வீடு
ஜூலை 26

பூதக்கண்ணாடிக்கு,

'அடியிலங்க சார்.' அந்த வரியை நாலு முறை படித்தேன்.

நீ முதலில் எழுதியபோது, என் கண்ணில் படாத இடம் என்றால் பின்வரிசைத் தொட்டி என்று நினைத்துக்கொண்டேன். எங்கே வெட்டினாய் என்று நான் கேட்கவே இல்லை. சாமந்தியை நுனியில்தான் வெட்டுவார்கள். வேறு எங்கும் யாரும் வெட்டமாட்டார்கள், திருடனைத் தவிர.

அது கோபக்காரி இல்லை. மஞ்சள்.

அந்தச் சிவப்பு செடியின் மேல்தோலில் மட்டும்தான், உள்ளே பழைய மஞ்சளேதான். மேலே கிளையில்தான் இருக்கும். வேரிலிருந்து கிளம்புகிற முளைக்கு அது வராது. முதல் வருடம் தெரியாமல் நானும் அந்த முளைகளை நட்டேன். நாற்பது நட்டேன், நாற்பதும் வெறும் மஞ்சள். அன்றிலிருந்து தினமும் காலையில் குடிலைத் திறந்ததும் என் முதல் வேலை அந்த முளைகளைக் கிள்ளி எறிவது. நீ மேடை மேடையாக நோட்டோடு சுற்றினாயே, அக்கா குனிந்து எதைக் கிள்ளுகிறாள் என்று ஒரு நாளாவது கேட்டாயா? மறுநாள் நான் கிள்ளி எறிய இருந்ததை நீ ஒளித்து எடுத்துப்போய், ஜாடி கவிழ்த்து, ஐம்பது நாள் காவல் காத்திருக்கிறாய். அதற்காக நான் கெஞ்சியிருக்கிறேன். அரசாங்கம் முத்திரை வைத்திருக்கிறது.

படித்து முடித்ததும் சிரித்துவிட்டேன். அம்மா பயந்து ஓடிவந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

கோபக்காரி ஜூன் 4 அன்றே போய்விட்டது. போனது போனதுதான். உன் மேல் இருக்கும் கோபம் போகவில்லை. அது மஞ்சளாகிற ரகம் இல்லை.

அப்பா கூடத்திலிருந்து உன் படத்தை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, கிட்டப் போய், அந்த இலையைப் பார்த்தார். நேற்று மத்தியானம் தூங்கவில்லை. குடிலில் உடைந்த கண்ணாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 14 அன்று அந்த ஆபீஸ் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். வெறும் மஞ்சள்தான். ஆனால் எந்த மஞ்சளில் அந்தக் கிளை வந்ததோ, அதே மஞ்சள். மற்றதெல்லாம் குழியில் இருக்கிறது. இன்னொரு கிளை அப்படி வருமா, எத்தனை வருடத்தில், எத்தனை செடிக்கு ஒன்று என்று எனக்குத் தெரியாது. உன் புத்தகத்தில் இருந்தால் பக்க எண்ணை எழுது. அதை மட்டும் எழுது, கூட ஒரு வரி எழுதாதே.

டூத்பிரஷ் டப்பா என்னுடையது. திருப்பி அனுப்பு. வெந்நீரில் கழுவி அனுப்பு.